விசிறிக்கு மூளை வந்த கதை

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அடைக்கல அன்னை ஆலயமும் வீரமாமுனிவரும்தான். இத்தாலியில் பிறந்து தமிழ் படித்த அந்தப் பாதிரியார் இந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்துக் கலம்பகம் பாடினார். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளி வைத்துக் காட்டிய பழைய முறையை மாற்றி, 'ஏ' என்ற எழுத்துக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவராகவும் அவரையே சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்தே அவர் திருத்தியதுதான்!

ஆனால் இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல. அதே ஊரின் வெயிலைப் பற்றியது.

மே மாதத்தில் அரியலூர்ப் பக்கம் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டும். சுண்ணாம்புக்கல் பூமி என்பதால் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு. மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாத வருடங்களும் இருந்தன. இப்படிப்பட்ட ஒரு ஊரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சோ, கம்ப்யூட்டரோ, ஏடிஎம்மோ ஒழுங்காக ஓட வேண்டுமானால் அதன் உள்ளே இருக்கும் சூட்டை யாராவது கவனிக்க வேண்டும். அந்தக் கவனிக்கும் வேலையைச் செய்வதற்காகவே உருவானவைதான் வெப்பநிலையை அளந்து விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிப்கள். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுள்ள அந்த சிப்களின் வரலாற்றைப் பார்த்தால், "இந்த இயந்திரம் யாருடைய அறைக்காகச் செய்யப்பட்டது?" என்ற பெரிய கேள்விக்கும் விடை கிடைக்கிறது.

சூடு ஏன் எதிரி?

ஒரு சிப்புக்குள் போகும் மின்சாரம் கணக்குப் போட்டாலும் சரி, படம் காட்டினாலும் சரி, கடைசியில் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். 60 வாட் குண்டு பல்பைக் கையால் தொட முடியாது. அதே 60 வாட்டை ஒரு தபால் தலை அளவு இடத்தில் அடைத்தால் என்ன ஆகும்? பழைய பிராசசர்களின் நிலைமை அதுதான்.

சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்களில் வீணாகக் கசியும் மின்சாரம் கூடுகிறது. கசிவு கூடினால் இன்னும் சூடு ஏறுகிறது. பாகங்களின் ஆயுளும் குறைகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்று இன்ஜினியர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருப்பார்கள். எல்லாப் பாகத்துக்கும் இது அப்படியே பொருந்தாது என்றாலும் போகும் திசை சரிதான்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு சிப் 30 வாட் செலவழிக்கிறது, ஒவ்வொரு வாட்டும் அதை அறைக் காற்றைவிட 1 டிகிரி அதிகமாகச் சூடேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஏசி அறையில் அதன் சூடு 55 டிகிரி. 42 டிகிரி அறையில் 72 டிகிரி. சிப் அதே சிப்தான், செய்யும் வேலையும் அதே வேலைதான். அறை மட்டும்தான் மாறியது. அதாவது சிப்பின் சூடு என்பது அறையின் சூடும் அதன் சொந்தச் சூடும் சேர்ந்தது. இந்த இரண்டில் எதைக் குறைப்பது என்பதுதான் இந்த வரலாறு முழுவதும் ஓடும் கேள்வி.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

முதலில் எல்லோரும் தேர்ந்தெடுத்தது அறையைக் குளிர வைப்பதைத்தான். 1946ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வெளி உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது இழுத்த மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அவ்வளவு சூட்டையும் வெளியேற்றப் பெரிய ஊதுவிசிறிகள் தேவைப்பட்டன.

இந்தியாவுக்கு முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1955ல் வந்தது. இங்கிலாந்திலிருந்து வாங்கி, கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அதை நிறுவினார்கள். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாகவே கட்டிய டிஃப்ராக் 1960ல் முழு வேலைக்கு வந்தது. அதில் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள்! சென்னை ஐஐடிக்கு 1973ல் ஐபிஎம் 370/155 வந்தபோது அது நாட்டின் சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றாக இருந்தது.

பொதுவாக இந்தக் காலத்துப் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு ஏசி போட்ட தனி அறை வேண்டும். இந்தப் பழக்கம் மனதில் எவ்வளவு ஊறிப் போயிருந்தது என்றால், பின்னாளில் சாதாரண பிசிக்கள் வந்த பிறகும் தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளில் கம்ப்யூட்டர் லேப் வாசலில் செருப்பு வரிசையாகக் கிடக்கும். உள்ளே கோயில் கருவறை மாதிரி குளிரும் அமைதியும்! கம்ப்யூட்டர் என்றாலே ஏசி, ஏசி என்றாலே நகரம் என்று ஆகிவிட்டது. ஏசி அறை கட்ட வசதி இல்லாத ஊருக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

கிட்டூரில் வைத்த எக்ஸ்சேஞ்ச்

இந்த வரிசையைக் கலைத்தது கம்ப்யூட்டர் அல்ல, டெலிபோன். 1980களின் தொடக்கத்தில் சுமார் 70 கோடி மக்கள் இருந்த நாட்டில் சில பத்து லட்சம் டெலிபோன்களே இருந்தன. அவற்றிலும் பெரும்பகுதி நகரங்களில். மேல்நாடுகளில் கிடைத்த எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகள் ஆயிரக்கணக்கான இணைப்புகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு ஏசியும் வேண்டும். நூறு இணைப்பு கூடத் தேறாத ஒரு கிராமத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பது, ஒரு டம்ளர் காபிக்காகக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போல.

1984 ஆகஸ்டில் சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் சாம் பிட்ரோடா. 36 மாதம், 36 கோடி ரூபாய் என்று இலக்கு வைத்துக்கொண்டு இளம் இன்ஜினியர்கள் வேலையில் இறங்கினார்கள். அவர்கள் செய்த 128 முனைகள் கொண்ட கிராமிய எக்ஸ்சேஞ்ச், 'ராக்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்டது. முதல் ராக்ஸ் 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கிட்டூரில் வேலை செய்யத் தொடங்கியது.

அதன் சிறப்பு என்ன? அதற்கு ஏசி வேண்டாம்! குறைவாக மின்சாரம் குடிக்கும் பாகங்களைத் தேர்ந்தெடுத்து, சூடான காற்று தானாக மேலே போகட்டும், கீழிருந்து புதுக் காற்று வரட்டும் என்று வடிவமைத்திருந்தார்கள். கூரை ஓட்டின் இடுக்கில் அடுப்புப் புகை தானாக வெளியேறுகிறதே, அதே தத்துவம்தான்.

இது வெறும் சிக்கன நடவடிக்கை அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு எப்போதும் 48 வோல்ட் பேட்டரித் துணை உண்டு. கரண்ட் போனாலும் போன் வேலை செய்வது அதனால்தான். ஆனால் ஏசி அந்த பேட்டரியில் ஓடாது. ஏசியை நம்பிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றைக் கிராமத்தில் வைத்து, மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் என்ன ஆகும்? பேட்டரி நிறைய இருக்கும், எக்ஸ்சேஞ்ச் ஓடிக்கொண்டும் இருக்கும், அறை மட்டும் கொதிக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் சூடு தாங்காமல் எக்ஸ்சேஞ்ச் நின்றுவிடும். பாம்புக்கடிக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரமாகவும் அது இருக்கலாம். ஏசி வேண்டாம் என்ற ஒரு முடிவுதான் அந்த ஊரின் போனை உயிரோடு வைத்திருந்தது.

பிறகு மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்டிடி, பிசிஓ பூத்துகள் ஊர் ஊராக முளைத்ததற்கு இந்தச் சின்ன எக்ஸ்சேஞ்சுகளும் ஒரு காரணம்.

பிசி வந்தது, இரைச்சலும் வந்தது

கம்ப்யூட்டர் உலகம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. தொடக்க கால பிசியின் பிராசசருக்கு விசிறி கிடையாது. பவர் சப்ளையில் ஒரு விசிறி இருக்கும், அதுவே போதுமானதாக இருந்தது. 486 காலத்தில் பிராசசர் தலையில் அலுமினிய ஹீட் சிங்க் ஏறியது. 1993ல் பென்டியம் வந்தபோது அதன் சூடு 15 வாட்டை ஒட்டி இருந்தது. ஹீட் சிங்க்கின் மேல் விசிறியும் ஏறிக்கொண்டது.

அந்த விசிறிக்கு மூளை கிடையாது. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் முழு வேகத்தில் சுற்றும், ஆஃப் செய்தால் நிற்கும். மார்கழிக் குளிரிலும் அதே வேகம், சித்திரை வெயிலிலும் அதே வேகம். பயனர் சும்மா ஒரு கடிதம் டைப் செய்தாலும் அதே இரைச்சல். முழு வேகத்திலேயே ஓடுவதால் பேரிங் தேயும், புழுதியும் அதிகமாக உள்ளே இழுக்கப்படும். இதைவிடப் பெரிய ஆபத்து, விசிறி நின்றுபோனால் யாருக்கும் தெரியாது! கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகும், "வைரஸ் வந்திருக்கும்" என்று சொல்லி விண்டோஸை மறுபடி போடுவார்கள். உள்ளே திறந்து பார்த்தால் விசிறி புழுதியில் சிக்கிச் செத்துக் கிடக்கும்.

பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளும் சிப்

அடுப்பில் பால் வைத்திருக்கும் அம்மாவைப் பாருங்கள். கண் பாலின் மேல் இருக்கும், கை அடுப்பின் திருகின் மேல் இருக்கும். பால் பொங்கி வரும்போது தீயைக் குறைப்பார், அடங்கினால் கொஞ்சம் கூட்டுவார். பார்ப்பது, முடிவெடுப்பது, திருகுவது என்று மூன்று வேலைகள். விசிறிக் கட்டுப்பாட்டு சிப் செய்வதும் இதே மூன்றைத்தான்.

முதல் வேலை, பார்ப்பது. சிலிக்கான் டையோடு ஒன்றில் மின்சாரம் பாயும்போது அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தம், வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். சூட்டால் வரும் இந்த மாற்றத்தையே தெர்மாமீட்டராக மாற்றிக்கொண்டார்கள். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் என்று நேராகச் சொல்லிவிடும். இன்ஜினியரிங் மாணவர்களின் புராஜெக்ட்டுகளில் அது இல்லாத வருடமே இருக்காது!

ஆனால் ஒரு டையோடு போல இன்னொன்று இருக்காதே? அதற்கும் ஒரு வழி கண்டார்கள். ஒரே டையோடில் முதலில் சிறிய மின்னோட்டத்தையும், அடுத்து அதைப் போலப் பத்து மடங்கு மின்னோட்டத்தையும் செலுத்தி, இரண்டு மின்னழுத்தங்களின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பது. தனித்தனி டையோடுகளின் குறை நிறைகள் இதில் பெரும்பாலும் கழிந்துவிடும். மிஞ்சுவது டிகிரிக்கு சுமார் 0.2 மில்லிவோல்ட்தான். அவ்வளவு சிறிய மாற்றத்தை இரைச்சல் நிறைந்த மதர்போர்டில் அளப்பதுதான் இந்த சிப்களின் உண்மையான சாமர்த்தியம். இந்த முறையால் டையோடை பிராசசரின் உள்ளேயே வைத்துவிட்டு, அளக்கும் சிப்பை வெளியே வைக்க முடிந்தது. 1990களின் கடைசியில் வந்த பென்டியம் வகைகளில் இந்த டையோடு உள்ளேயே இருந்தது.

அளந்ததை யாருக்குச் சொல்வது? பிலிப்ஸ் நிறுவனம் 1982ல் இரண்டே கம்பிகளில் சிப்கள் பேசிக்கொள்ளும் ஐ-ஸ்கொயர்-சி முறையை உருவாக்கியிருந்தது. 1995ல் அதைத் தழுவி எஸ்எம் பஸ் வந்தது. 1990களின் நடுவில் வந்த எல்எம்75 இந்தக் கம்பிகளில் அரை டிகிரி நுட்பத்தில் வெப்பநிலையைச் சொன்னது. அதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் 80 டிகிரியைத் தாண்டினால் தானாகவே ஒரு கம்பியில் எச்சரிக்கை கொடுக்கும், 75க்குக் கீழே இறங்கிய பிறகுதான் எச்சரிக்கையை விலக்கும். அந்த 5 டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் விசிறி நொடிக்கு நொடி ஓடி நின்று ஓடி நின்று வீணாகிப் போகும்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த எல்எம்78 வெப்பநிலையோடு மின்னழுத்தங்களையும் மூன்று விசிறிகளின் வேகத்தையும் சேர்த்துக் கண்காணித்தது. விசிறி ஒரு சுற்று சுற்றினால் பொதுவாக இரண்டு துடிப்புகளை அனுப்பும். துடிப்பு நின்றால் விசிறி நின்றது என்று அர்த்தம். தைவானின் வின்பாண்ட், ஐடிஇ போன்ற நிறுவனங்கள் இதே வேலையை மதர்போர்டில் ஏற்கனவே இருந்த வேறு சிப்களுக்குள் சேர்த்துவிட, மலிவான பிசியிலும் இந்த வசதி வந்துவிட்டது. ஸ்பீட்ஃபேன் போன்ற மென்பொருள்களில் பயனர்கள் தங்கள் பிராசசரின் சூட்டை வேடிக்கை பார்த்தது இப்படித்தான்.

இரண்டாவது வேலை முடிவெடுப்பது. இன்ன டிகிரியில் விசிறி தொடங்க வேண்டும், இன்ன டிகிரியில் முழு வேகம் பிடிக்க வேண்டும் என்று இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டால் இடையில் உள்ளதை சிப்பே பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வேலை, திருகுவது. விசிறிக்கான கட்டுப்பாட்டு சிக்னலை மிக வேகமாக ஆன், ஆஃப் செய்து, ஆன் ஆக இருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் வேகம் மாறும். நான்கு கம்பி விசிறிகளில் இது நொடிக்குச் சுமார் 25,000 தடவை நடக்கும். மனிதக் காதுக்கு எட்டாத வேகம் என்பதால் 'கீச்' சத்தம் கேட்காது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறை இதை ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு இணைத்தது. சூட்டைக் குறைக்க இரண்டு வழிகளை அது சொன்னது. ஒன்று விசிறியை ஓட்டுவது. இன்னொன்று பிராசசரின் வேகத்தைக் குறைப்பது. அதாவது அறையைக் குளிர வை, அல்லது சொந்தச் சூட்டைக் குறை. அதே பழைய கேள்வி!

2001: ஒரு வீடியோ கிளப்பிய புகை

அளந்தால் மட்டும் போதுமா? 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதளம் ஒரு சோதனை செய்து வீடியோவாக வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களின் ஹீட் சிங்க்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. பென்டியம் 3 உறைந்து நின்றது. ஏஎம்டியின் அத்லான் புகைந்து கருகியது!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சோதனையில் இருந்த அத்லான் எம்பி பிராசசரின் உள்ளே வெப்ப டையோடு இருந்தது. ஆனாலும் அதுவும் கருகியது. டையோடு சொல்வதைக் கேட்டு, உடனே மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடு மதர்போர்டில் இல்லை. கண் இருந்தது, கை இல்லை. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றது போல ஆகிவிட்டது. பென்டியம் 4ல் கண்ணும் கையும் ஒரே சிப்பில் இருந்தன. சூட்டிலிருந்து காக்கும் வசதி என்பது ஆடம்பரம் அல்ல, அவசியம் என்பது அந்த வீடியோவுக்குப் பிறகு சாதாரண வாசகர்களுக்கும் புரிந்தது.

உச்சமும் திருப்பமும்

2004ல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 வேகமாக ஓடும்போது 100 வாட்டைத் தாண்டியது. இந்தக் காலம்தான் விசிறிக் கட்டுப்பாட்டு சிப்களின் பொற்காலம். அனலாக் டிவைசஸ் நிறுவனம் 'டிபி கூல்' என்ற பெயரிலேயே ஒரு வரிசையை விற்றது. சூடு மட்டுமல்ல, இரைச்சலின் அளவையும் (டெசிபல்) குறைப்போம் என்பது பெயரிலேயே இருக்கிறது.

வேகத்தைக் குறைப்பதில் இருக்கும் லாபம் சாதாரணமானது அல்ல. விசிறி தள்ளும் காற்று அதன் வேகத்துக்கு நேர் விகிதம். ஆனால் அது தின்னும் மின்சாரம் வேகத்தின் மும்மடி! பாதி வேகத்தில் சுற்றினால் பாதிக் காற்று கிடைக்கும், மின்சாரமோ எட்டில் ஒரு பங்குதான் ஆகும். சத்தமும் கணிசமாகக் குறையும். அதனால் தேவைக்கு மேல் ஒரு சுற்றும் சுற்ற விடாமல் பார்த்துக்கொள்ளும் சிப், தன் விலையைச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆனாலும் விசிறிக்கும் ஒரு எல்லை உண்டு. 2004 மே மாதத்தில் இன்டெல் தன் அடுத்த வேகப் பிராசசரான டெஜாஸ் திட்டத்தைக் கைவிட்டது. 2006ல் வந்த கோர் 2 டுயோ டெஸ்க்டாப் வகைகள் 65 வாட் அளவுக்கு இறங்கி வந்தன, அதே சமயம் வேலையையும் அதிகம் செய்தன. எவ்வளவு சூடானாலும் ஊதிக்கொள்ளலாம் என்ற எண்ணம் போய், முதலில் சூட்டைக் குறை என்ற எண்ணம் வந்தது. 2007ன் கடைசியில் அனலாக் டிவைசஸ் தன் பிசி வெப்பக் கண்காணிப்புத் தொழிலை ஆன் செமிகண்டக்டருக்கு விற்கும் ஒப்பந்தத்தைச் செய்தது.

சென்னையில் போட்ட கணக்கு

இதே அனலாக் டிவைசஸின் பெயர் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சென்னையில் வேறு ஒரு வேலையில் அடிபட்டது. 1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும் 'டெனெட்' குழுவாகச் சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். மைடாஸ் நிறுவனமும் அனலாக் டிவைசஸும் அதில் பங்காளிகள்.

அவர்கள் போட்ட கணக்கு மிக எளிமையானது. அன்று ஒரு டெலிபோன் இணைப்பு கொடுக்க நிறுவனத்துக்கு ஆன செலவு முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. அதற்கு வட்டி கட்டும் அளவுக்கு மாதா மாதம் பில் கட்டக்கூடிய குடும்பங்கள் நாட்டில் மிகக் குறைவு. செலவைப் பத்தாயிரத்துக்குக் கொண்டுவந்தால்தான் கிராமத்துக்குப் போன் போகும். ஏசி அறை, ஏசிக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாமே அந்தச் செலவில்தானே வருகிறது? அதனால் கார்டெக்ட் எக்ஸ்சேஞ்ச் ஏசி இல்லாமலே ஓடும்படி செய்யப்பட்டது. அதன் நிலையத்திலிருந்து நேர்ப் பார்வையில் 10 கிலோமீட்டர் வரை, இடைநிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை இணைப்பு கொடுக்கலாம். 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இதைக் கொண்டு இன்டர்நெட் மையங்கள் திறக்கப்பட்டன. வேகமான மொபைல் நெட்வொர்க்குகள் வந்த பிறகு கார்டெக்ட் மறைந்துவிட்டது. ஆனால் அது எழுப்பிய கேள்வி மறையவில்லை.

சென்னையின் வோர்டெக்ஸ் நிறுவனம் அந்தக் கேள்வியை ஏடிஎம் பக்கம் திருப்பியது. வழக்கமான ஏடிஎம் ரூபாய் நோட்டுகளைக் கீழிருந்து மேலே தூக்கிக் கொண்டுவரும். அதற்கு மோட்டார்கள் வேண்டும், மோட்டார் என்றால் மின்சாரம், மின்சாரம் என்றால் சூடு, சூடு என்றால் ஏசி. வோர்டெக்ஸ் தன் கிராம ஏடிஎம்மில் நோட்டுப் பெட்டியை மேலே வைத்துவிட்டது. நோட்டுகள் தம் எடையால் தாமே கீழே இறங்கும்! சூரிய மின்சாரத்திலும் ஓடக்கூடிய, 50 டிகிரி வரை ஏசி இல்லாமல் தாங்கக்கூடிய அந்த இயந்திரங்களை 2010ஐ ஒட்டிப் பாரத ஸ்டேட் வங்கியும் வாங்கியது. நூறு நாள் வேலைக்கான கூலியை வாங்கப் பஸ் ஏறி டவுனுக்குப் போனால் அரை நாள் கூலி போய்விடும். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஏடிஎம் ஊருக்குள் வருவதும் வராததும் ஒரு ஏசி மெஷினின் கரண்ட் பில்லைப் பொறுத்திருந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இரண்டு வழிகளும் சேரும் இடம்

அப்படியானால் அந்த விசிறி சிப் கிராமத்துக்கு வேண்டாததா? இல்லை. இரண்டு வழிகளும் கடைசியில் கைகோத்துக்கொண்டன.

செல்போன் டவர்களின் அடியில் உள்ள அறைகளில் முதலில் ஏசிதான் ஓடியது. கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர். பிறகு பல இடங்களில் வேறு ஏற்பாடு வந்தது. அறைக்கு உள்ளே ஒரு வெப்ப உணரி, வெளியே ஒன்று. வெளிக் காற்று உள்ளே இருப்பதைவிடப் போதுமான அளவு குளிர்ச்சியாக இருந்தால் ஏசியை நிறுத்திவிட்டு விசிறியால் வெளிக் காற்றை வடிகட்டி இழுத்துக்கொள்ளும். இரவிலும் மழைக் காலத்திலும் இதுவே போதும். பேட்டரியிலேயே ஓடும் அந்த விசிறிக்குப் பின்னால் இருந்து ஒப்பிட்டு முடிவெடுப்பது அளக்கும் சிப்தான். பின்னர் அறையே இல்லாமல் வெளியிலேயே நிற்கும் பெட்டிகளும் வந்தன.

பெரிய டேட்டா சென்டர்களும் இந்தப் பாடத்தைப் படித்தன. கம்ப்யூட்டருக்குள் போகும் காற்று 20 முதல் 25 டிகிரி வரை இருக்கலாம் என்று 2004ல் பரிந்துரைத்த ஆஷ்ரே என்ற அமெரிக்க அமைப்பு, 2008ல் அதை 18 முதல் 27 டிகிரி என்று விரித்தது. ஒவ்வொரு இடத்திலும் உணரி வைத்து அளக்க முடிந்ததால்தான் "இவ்வளவு குளிர் தேவையில்லை" என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

வெப்ப உணரி செய்த பெரிய உதவி இதுதான். அது யாரையும் குளிர வைப்பதில்லை. எவ்வளவு குளிர் போதும் என்று சொல்கிறது. அளக்கத் தெரியாத காலத்தில் பயத்தால் எல்லாவற்றையும் ஏசி அறையில் பூட்டி வைத்தார்கள். அளக்கத் தெரிந்த பிறகு கதவைத் திறந்துவிட முடிந்தது.

இன்று ஏலாக்குறிச்சியில் தேர்த் திருவிழாவை ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கும்போது அந்தப் போனுக்குள் விசிறி இல்லை. ஆனால் பிராசசர், பேட்டரி என்று பல இடங்களில் வெப்ப உணரிகள் இருக்கின்றன. வெயிலில் சூடு ஏறினால் போன் தன் வேகத்தையும் திரையின் ஒளியையும் தானே குறைத்துக்கொள்ளும். சொந்தச் சூட்டைக் குறைத்துக்கொள்ளும் அந்த வழக்கம், 1986ல் கிட்டூரில் ஏசி இல்லாமல் ஓடிய அந்தச் சின்ன எக்ஸ்சேஞ்சிலும் இருந்தது. வெயிலை மாற்ற முடியாது. அந்த வெயிலை மனதில் வைத்து இயந்திரத்தைச் செய்ய முடியும். அப்படிச் செய்தவர்களால்தான் பல கிராமங்களுக்குப் போன் வந்தது.